பன்னிரண்டு வீட்டு வாக்கி டாக்கி

என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வானத்தார் என்று பெயர். இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டினார். காலை ஏழு மணிக்கு இரும்பு ஏணியில் கால் வைத்தால், நாற்பது மீட்டர் உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காத நாட்களில் மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் கூடையில் வைத்துக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வார்.

கூண்டில் அவருக்குத் துணை ஒரு வாக்கி டாக்கி மட்டும்தான். செங்கல் கனம் இருக்கும். கப்பலின் அடிவயிற்றில் சரக்கை இறக்கும்போது மேலிருந்து பார்ப்பவருக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரர் பேசப் பேச, அந்தக் குரலைக் கண்ணாக வைத்துக்கொண்டு அப்பா பிடியை நகர்த்துவார். "இறக்கு, இறக்கு, இறக்கு, மெதுவா, மெதுவா, நிறுத்து." குரல் வருகிறவரைக்கும் சரக்கு நகரும். குரல் நின்றால் சரக்கும் நிற்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

அப்பாவின் சிக்னல்காரரை எல்லோரும் கட்டைக்குரல் என்று கூப்பிட்டார்கள். குரலைக் கேட்டால் ஆறடி உயரமும் புலி மாதிரி மீசையும் கண்ணுக்கு வரும். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் கழித்துத்தான் அப்பா அவரை நேரில் பார்த்தாராம். தோளுக்குக்கூட எட்டாத ஒல்லி மனிதர், சட்டை இரவல் வாங்கிப் போட்டதுபோலத் தொங்கியது. "இந்த உடம்புக்குள்ள அந்தக் குரல் எந்த மூலையில இருந்துச்சுன்னு இன்னைக்கும் தெரியல" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பா எதையும் சுருக்கமாக, உரக்க, இரண்டு தடவை சொல்வார். "தண்ணி. தண்ணி." "நான் கிளம்பறேன். கிளம்பறேன்." வேறு வீடாக இருந்தால் தினமும் சண்டை வந்திருக்கும். எங்கள் வீட்டில் அது வசதியாகப் போயிற்று. ஏனென்றால் என் அம்மா பதினெட்டு வயதிலிருந்து நெசவு மில்லில் வேலை பார்த்தவள். தறிகளின் சத்தம் அவளுடைய இடது காதை முழுசாகவும் வலது காதைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டிருந்தது. அப்பா முதல் தடவை சொல்வது அம்மா திரும்பிப் பார்ப்பதற்கு, இரண்டாம் தடவை சொல்வது அவள் காதில் விழுவதற்கு. பொருத்தம் பார்த்துச் சேர்த்த ஜோடி என்று அக்கம்பக்கத்தார் கிண்டல் செய்வார்கள்.

நான் பத்தாவது படித்த வருஷம் துறைமுகத்தில் ஒரு நாள், கட்டாகக் கட்டிய இரும்புக் குழாய்களைக் கப்பலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "இறக்கு, இறக்கு, இற" என்று வந்த குரல் பாதியில் அறுந்துவிட்டது. அப்பா அப்படியே நிறுத்தினார். மேல்தளத்தில் நின்ற மேஸ்திரி கையை ஆட்டி, இறக்கு என்று சைகை காட்டினார். அப்பா அசையவில்லை. மேஸ்திரி தொப்பியைக் கழற்றி வீசினார். கீழே ஆட்கள் கூடிக் கத்தினார்கள். அத்தனை உயரத்தில் அந்தக் கத்தல் காற்றாகத்தான் கேட்டிருக்கும். பதினோரு நிமிஷம் குழாய்க் கட்டு அந்தரத்தில் நின்றது.

அதற்கு நேர் கீழே, ஏற்கெனவே இறக்கிய குழாய்களின் இடுக்கில் கட்டைக்குரல் சறுக்கி விழுந்து கிடந்தார். கையிலிருந்த வாக்கி டாக்கி கீழே அடித்து மூடி திறந்து, பேட்டரி எங்கோ உருண்டு போயிருந்தது. இன்னும் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தால் அவர் இல்லை. தூக்கி வெளியே எடுத்தபோது அவருக்கு ஒரு விலா எலும்பு மட்டும் விரிசல் விட்டிருந்தது. அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு எங்களிடம் இதைச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. ஆனாலும் அவள் மறுபடி கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவர்கள் ஊருக்கு வெளியே ஆற்றைத் தாண்டி, மேட்டுச் சரிவில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள், பின்னால் மழைநீர் ஓடும் வாய்க்கால், கீழே ஒற்றைப் பாலம். எங்களுடையது ஏழாம் நம்பர். பெரிய மழை வந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள்.

குடிபோன மூன்றாம் வருஷம் அப்படி ஒரு மழை. மின்சாரம் போனது. மறுநாள் செல்போன் கோபுரமும் செத்தது. நான்கு நாள் யாருக்கும் யாரோடும் தொடர்பில்லை. இரண்டாம் நாள் ஒன்பதாம் நம்பர் வீட்டில், ரிட்டையரான கணக்கு டீச்சர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். தனியாக இருப்பவர். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மழைச் சத்தத்தில் பக்கத்துச் சுவரைக்கூட அந்தக் குரல் தாண்டவில்லை. ஒரு முழுப் பகல் தாண்டித்தான் பால் கொடுக்கப் போன அம்மா பார்த்தாள்.

அப்பாவால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "முப்பது மீட்டர்" என்றார் என்னிடம். "நம்ம வாசலுக்கும் டீச்சர் வாசலுக்கும் முப்பது மீட்டர். நாற்பது மீட்டர் உயரத்துல இருந்து நான் ஒருத்தன் மூச்சு விடறதைக் கேட்டிருக்கேன். இங்கே பக்கத்துல ஒருத்தங்க கத்தினது எனக்குக் கேக்கல. கேக்கல."

தண்ணீர் வடிந்ததும் பன்னிரண்டு வீட்டாரும் கூடினார்கள். வீட்டுக்கு ஒரு வாக்கி டாக்கி வாங்கலாம் என்று முடிவானது. எதை வாங்குவது என்பதை ஒரு மனதாக வானத்தார் தலையில் கட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் கடைக்குப் போனோம். அப்பா, அம்மா, நான், என் கணவர். கணவர் ஒரு வாரமாகப் படித்து ஒரு பட்டியலே தயாரித்து வந்திருந்தார். அப்பா ஒரு துணிப்பையை மட்டும் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் விதவிதமாக வரிசை கட்டி நின்றன. விற்பனைக்காரர் முதலில் எடுத்தது பளபளவென்று திரை போட்ட ஒன்று.

"மாமா, இதுல நூத்தி இருபத்தெட்டு சேனல் இருக்கு" என்றார் என் கணவர்.

"நம்ம தெருவுல பன்னிரண்டு வீடுதானே மாப்பிள்ளை இருக்கு?"

"எஃப்.எம். பாட்டும் கேக்கலாம் சார்" என்றார் விற்பனைக்காரர்.

"கேட்டா அவசரத்துக்குப் பேட்டரி இருக்காது. எவ்வளவு தூரம் போகும்?"

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர். பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க."

"எங்கே நின்னு அளந்தாங்க, நடுக்கடல்லயா? நடுவுல ஒரு சுவரு, ஒரு மேடு வந்தா எவ்வளவு?"

விற்பனைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா அவரைக் குறை சொல்லவில்லை. ஐந்து வகையில் வகைக்கு ஒன்றை என் கையில் கொடுத்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போகச் சொன்னார். போனேன். பழைய சாமான் குடோனுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்க, "அப்பா கேக்குதா, அப்பா கேக்குதா" என்று ஐந்து கருவிகளில் ஐந்து தடவை கத்தினேன். ஒன்றில் வெறும் கரகரப்பு. நான்கு பிழைத்தன.

திரும்பி வந்தபோது அப்பா துணிப்பையைத் திறந்து, துறைமுகத்தில் போட்ட தடித்த தோல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றிலும் பேசும் பொத்தானைத் தேடினார். ஒன்றில் பொத்தான் கடுகு அளவு. அது கழிந்தது. பிறகு, யாரும் தடுக்கும் முன், மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை இடுப்பு உயரத்தில் பிடித்துக் கீழே விட்டார்.

விற்பனைக்காரர் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "சார்! சார்! என்ன சார் பண்றீங்க?"

"உடைஞ்சா நான் எடுத்துக்கறேன் தம்பி. மழையில ஓடறவன் கையிலருந்து இது விழாதா? விழும். விழுந்தப்புறம் பேசணும்."

மூன்றையும் போட்டார். மூன்றும் பேசின. எங்களைச் சுற்றி அதற்குள் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது. எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. என் கணவர் தன் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

எதை எடுப்பது என்று அப்பாவுக்கே தடுமாற்றம். துறைமுகத்தில் வைத்திருந்ததைப் போலவே ஒன்று அங்கே இருந்தது. கனமானது, கறுப்பு, கழுத்து நீண்டது. அதை அவர் வைத்த கண் வாங்காமல் பார்ப்பதை நான் கவனித்தேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானில் உட்கார்ந்தது. "இது நல்லா இருக்கு" என்றார். "நல்லா இருக்கு."

"அதுக்கு லைசென்ஸ் வாங்கணும் சார். சார்ஜ் போடறதுக்கும் கரண்ட் வேணும்" என்றார் விற்பனைக்காரர்.

அதுவரை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே பாத்துட்டீங்க. யாரு பேசப் போறது? நாள் முழுக்க வீட்டுல இருக்கறது நானும் டீச்சரும். என்கிட்ட குடுங்க."

திரை வைத்ததை முதலில் வாங்கினாள். எங்கேயோ அழுத்தினாள். அது புரியாத பாஷையில் ஏதோ சொன்னது. இன்னொன்றை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டாள். கடைசியாக எடுத்தது எல்லாவற்றிலும் சாதாரணமானது. மஞ்சள் நிறம், திரையே கிடையாது. தலையில் இரண்டு குமிழ்கள். ஒன்றைத் திருப்பினால் டக்கென்று உயிர் வந்து சத்தம் கூடும், இன்னொன்றில் சேனல் எண்கள். பக்கவாட்டில் பெரிய பொத்தான் ஒன்று, அவ்வளவுதான். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி போட்டால் போதும். லைசென்ஸும் தேவையில்லை. அம்மா யாரையும் கேட்காமல் திருகினாள், பொத்தானை அழுத்தினாள், என்னைப் பார்த்து "பேசு" என்றாள். நான் கடை வாசலுக்குப் போய்ப் பேசினேன். அவள் அதை வலது காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"கேக்குது" என்றாள். அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அப்பா கறுப்பு வாக்கி டாக்கியை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்தார். "அந்த மஞ்சளைக் குடுங்க. பதிமூணு" என்றார். எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு, அதில் ஒன்று அவர் வெளியே எடுத்துப் போக.

தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சோதனை என்று ஏற்பாடு. ஒவ்வொரு வீடும் தன் நம்பரைச் சொல்லி, நலம் என்று சொல்ல வேண்டும். நடத்தப் போவது அப்பாதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல் வாரம் அவர்தான் கூப்பிட்டார். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாலாம் நம்பர் வீட்டு பஸ் டிரைவர் கிரிக்கெட் நிலவரம் சொன்னார். மூன்றாம் நம்பர் வீட்டு அம்மா துவைக்கிற சோப்பைப் பற்றி ஆரம்பித்தார். ஒரு குரலைக் கேட்டே இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய மனிதருக்குப் பன்னிரண்டு குரலை மேய்க்கத் தெரியவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவர் கையிலிருந்து கருவியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "எனக்குக் காது மந்தம். ஒருத்தர் ஒருத்தரா, மெதுவாப் பேசுங்க. நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு சொல்லுங்க. ஒண்ணாம் நம்பர்."

அவ்வளவுதான், தெரு அடங்கியது. அவளுக்குக் கேட்கும்படி பேசப் பழகியதில் எல்லோருடைய பேச்சும் தெளிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வேலை அம்மாவுடையது. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அப்பா டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி பெரிய மழை. நான் அவர்களைப் பார்க்க வந்த இடத்தில் பாலத்தை மூடிவிட்டார்கள். போன் இல்லை. மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். பின்பக்க வாய்க்காலில் கிளைகள் அடைத்துத் தண்ணீர் முதல் வீட்டுச் சுவரை நோக்கித் திரும்புவதைப் பார்த்து, அப்பா ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு எங்களிடம் சொல்லாமல் போயிருக்கிறார். நானும் அம்மாவும் சமையலறையில் இருந்தோம். ஜன்னலோர ஆணியில் தொங்கிய வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஏழு. ஏழு. கால் மாட்டிக்கிச்சு."

"பாலா?" என்றாள் அம்மா. "பால் அடுப்புலதான் இருக்கு."

"பால் இல்ல. கால். கால்."

"எங்கே இருக்கீங்க?"

"வாய்க்கால்."

"வாய்க்காலா, காலா? ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க."

நான் அவள் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்போ பதற்றமோ இல்லை. தறியில் அறுந்த நூலைத் தேடுகிற முகமாக அது இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா ஒன்றொன்றாகச் சொன்னார். வாய்க்கால் கரைக் கல் சரிந்து கணுக்கால்மேல் விழுந்திருக்கிறது. இழுத்தால் வரவில்லை. தண்ணீர் முழங்கால் வரை இருக்கிறது, ஏறுகிறது.

"வாய்க்கால். கல்லு. கணுக்கால். தண்ணி முழங்கால். சரியா?"

"சரி."

"எல்லாரும் பேசாம இருங்க. நாலாம் நம்பர் மட்டும்."

"நாலு. சொல்லுங்கம்மா." பஸ் டிரைவர்.

"உங்க வண்டி ஜாக்கியை எடுத்துக்கிட்டு வாய்க்காலுக்குப் போங்க. பதினொண்ணு, கடப்பாரையும் ரெண்டு பலகையும்." பதினொன்று கொத்தனார் வீடு.

"ரெண்டு பேசறேன், நானும் வரட்டுமா?"

"வேண்டாம். போர்வையும் வெந்நீரும் தயார் பண்ணுங்க. ஒன்பது, உங்க ஜன்னல்லருந்து வாய்க்கால் தெரியுமே?"

"ஒன்பது. அவர் தொப்பி தெரியுது" என்றார் டீச்சர். "ஒன்றாம் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் நடுவில். பழுப்பு நிறத் தொப்பி."

வாசலுக்கு ஓடினேன். "நீ எங்கே போறே? பால் பொங்குது, அடுப்பை அணை" என்றாள் அம்மா. அணைத்தேன்.

"என்னங்க, பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேசறது?"

"கண்ணுல படறதைச் சொல்லுங்க."

"தண்ணி. இலை. தண்ணி. ஒரு செருப்பு போகுது." கரகரப்பு. "என் செருப்புதான்."

பதினேழு நிமிஷம் அப்படிப் போனது. டிரைவரும் கொத்தனாரும் பலகையை முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் கல்லை நாலு விரற்கடை தூக்கினார்கள். அப்பாவைத் தூக்கி வந்தபோது தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்திருந்தது என்று டிரைவர் சொன்னார். கையில் மஞ்சள் வாக்கி டாக்கி, விரல் இன்னும் பொத்தானில். ஆளை உள்ளே படுக்க வைத்து, போர்வையைச் சுற்றிய பிறகு, அம்மா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"சொல்லாம போனீங்களே."

"சொன்னா விட மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. பாலம் திறந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை நாள் ஆயிற்று. அதுவரை கொத்தனார் இரண்டு பலகைத் துண்டு வைத்துக் கட்டிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் யார் கட்டியது என்று கேட்டுப் பாராட்டினார்கள். கொஞ்சம் விந்தி நடந்தாலும் அப்பா அதற்குப் பிறகு எட்டு வருஷம் நன்றாகவே இருந்தார். கட்டைக்குரல் ஒரு தடவை பஸ் ஏறி வந்து இரண்டு நாள் தங்கிப் போனார். எழுபது வயதிலும் அந்தக் குரல் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோதனையில் அவரை ஒரு வார்த்தை பேச வைத்தார்கள். மூன்றாம் நம்பர் அம்மா, போலீஸ் வந்திருக்கிறதா என்று கேட்டாராம்.

அப்பா போனது ஒரு கோடைக்காலத்து விடியற்காலை, தூக்கத்திலேயே. நான் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. நடந்ததை டீச்சர்தான் சொன்னார். அம்மா ஆறரை மணிக்கு வாக்கி டாக்கியை எடுத்து, எல்லா வீட்டையும் வரிசையாக அழைத்து, எல்லோரும் கேட்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டாளாம். பிறகு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னாளாம். ஒன்றாம் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாமல், நம்பர் சொல்லி, கேட்டது என்றும், வருகிறோம் என்றும் பதில் சொன்னார்கள். டீச்சர் மட்டும் தன் முறை வந்தபோது பொத்தானை அழுத்திக்கொண்டு ஒன்றும் பேச முடியாமல் நின்றிருக்கிறார். அம்மா அவசரப்படுத்தாமல் காத்திருந்து, பிறகு பத்தாம் நம்பரைக் கூப்பிட்டாள்.

பன்னிரண்டாம் வீடு பேசி முடித்ததும், அவள் முந்தின நாள் கொடியில் போட்டிருந்த துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். முதல் ஆட்கள் வாசலுக்கு வந்தபோது, அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாளாம்.